அக்கா நிறுத்திவைத்த பாட்டில்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். உங்கள் இலைக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு பான பாட்டில் நின்றுகொண்டிருக்கும். தயவுசெய்து அதை இப்போது தொட வேண்டாம். வெயிலில் வந்திருக்கிறீர்கள், தாகமாக இருக்கும். தாகத்துக்கு வாசலில் கேன் தண்ணீர் வைத்திருக்கிறோம். பாட்டிலை நான் சொல்லும்போது பார்த்தால் போதும். நினைவு மலரை நம்மவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். புகைப்படத்தைப் பார்ப்பார்கள், தங்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள், பிறகு விசிறிக்கொள்வார்கள். இந்த ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். உங்களில் சிலரும் இதில் வருகிறீர்கள்.

அக்கா ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் தெரு ஒன்றில், ஒற்றை அறை வீட்டில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா இறால் உரிக்கப் போனார். அப்பாவின் காலில் சுமை விழுந்து அவர் படுத்த படுக்கையானபோது அக்கா பத்தாவது படித்துக்கொண்டிருந்தார். காலையில் அம்மாவுடன் இறால் உரித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். அப்படியும் நாற்றம் போகாது. பக்கத்தில் உட்கார மறுத்த பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து படித்தவர், கல்லூரியில் வேதியியல் எடுத்தார். அன்றைக்கு எங்கள் பெரியப்பா வீடு தேடி வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பொட்டப் புள்ளைக்கு கெமிஸ்ட்ரி இன்னாத்துக்குடா? யார் மேலயாவது ஆசிட் ஊத்தவா?" ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட உதவாத வாய், படிப்பு விஷயத்தில் மட்டும் மூக்கை நுழைக்க வந்தது.

படிப்பு முடிந்ததும் எர்ணாவூரில் ஒரு குளிர்பானக் கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. எமல்ஷன் ரூமில் வேலை என்று அம்மா பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, அதே பெரியப்பா சுவருக்கு அடிக்கப் பத்து லிட்டர் வெள்ளை பெயிண்ட் வாங்கித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். விளக்கிச் சொன்ன பிறகு, "ஓ, கலர் தண்ணி கலக்கறாளா" என்று உதட்டைப் பிதுக்கினார். பல வருடம் நம் சொந்தத்தில் பலருக்கு அக்கா கலர் தண்ணி கலக்குகிறவர்தான். ஆகவே அக்கா என்ன வேலை செய்தார் என்பதை இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

ஆரஞ்சு பானத்துக்கு மணமும் அந்த மங்கலான பழநிறமும் தருவது ஆரஞ்சுத் தோல் எண்ணெய். எண்ணெய் தண்ணீரில் நிற்காது, மேலே வந்துவிடும். அதை மேலே வரவிடாமல் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே நிறுத்திவைப்பதுதான் அக்காவின் வேலை. அப்படி நிற்கும் கலவைக்கு எமல்ஷன் என்று பெயர், பெரியப்பா கேட்ட சுவர் பெயிண்டுக்கும் அதே பெயர்தான். முதல் நாளே நல்ல பிசினைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். எண்ணெயில் கனம் கூட்ட ஒரு பொருளைக் கரைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கடைந்து, பிரஷர் மெஷினில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஊசிமுனையைவிடச் சின்ன துவாரத்தின் வழியாக எண்ணெய் நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடையும். ஒவ்வொரு துளியையும் பிசின் தோல் போலப் போர்த்திக்கொள்ளும். ஒரு ஓட்டத்தில் பெரிய துளிகள் மிஞ்சிவிடும், அதனால் இரண்டாவது ஓட்டம். பிசின் மட்டமாக இருந்தால் போர்வை கிழிந்து துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நாலைந்து நாளில் பாட்டில் கழுத்தில் மஞ்சளாக ஒரு வளையம் கட்டும். அந்த வளையம் வந்தால் செய்தவர் தோற்றார் என்று அர்த்தம். அக்கா கையில் இருந்தவரை அந்தக் கம்பெனி பாட்டிலில் வளையம் வந்ததில்லை.

கம்பெனியின் மாதிரி அலமாரியை அக்கா நம்பவில்லை. ஆள் அசந்தால் அங்கிருந்து எடுத்துக் குடித்துவிடுவார்கள். அதனால் முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பேட்சிலும் லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசற்படிக்கு மேலே அடித்த பலகையில் நிறுத்துவார். கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு இருக்கும். பேட்ச் எண், எந்த மூட்டைப் பிசின், எத்தனை ஓட்டம் எல்லாம் அவர் கையெழுத்தில். அந்தப் பலகையை யாரும் தொடக் கூடாது. அக்காவைக் கட்டிய மாமா, படகு இன்ஜின் மெக்கானிக், ஒரு தடவை பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டு, ஒரு வாரம் பேச்சு வாங்கினார். "மச்சான், எங்கூட்ல தயிர் கடையணும்னாகூட உங்கக்காவாண்ட பர்மிசன் வாங்கணும்" என்பார் என்னிடம்.

அக்கா சாதுவான பெண் என்று இரங்கல் சொன்னவர்கள் பலர் சொன்னார்கள். அவர்களுக்கு அக்காவைத் தெரியாது. கல்யாணப் பந்திகளில் பாட்டில் வைத்தால் அக்கா முதலில் கழுத்தைப் பார்ப்பார், பிறகு லேபிளைப் பார்ப்பார், பிறகு தண்ணீர் கேட்பார். ஒரு தடவை என்னிடம் ஒரு பாட்டிலை நீட்டி, "பாத்தியா நைனா, குலுக்கிப் பருகவும்னு போட்டுகீறான். பழக்கூழ் இருந்தா சரி, அது அடில தங்கத்தான் தங்கும். இதுல கூழே கெடையாது. வெறும் எண்ணெய். அவன் செய்ய வேண்டிய வேலைய குடிக்கறவன் கைல குட்துட்டு, அத்த எய்தி வேற ஒட்டிகீறான்" என்றார். அப்படி எழுதுகிறவனை அக்கா மனிதனாகவே மதிக்கவில்லை. எனக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். எங்கோ சோப்புக் கம்பெனியில் இருந்தவராம். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது இனிக்கும் என்பதுதான். பாட்டிலை எடுத்துக் காட்டும்போது எப்போதும் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். பார்க்க வேண்டிய ஒரே இடத்தைக் கையால் மூடிக்கொண்டு தரத்தைப் பற்றிப் பேசியவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அவர் வந்து செய்த முதல் காரியம், மலிவான வேறு பிசினை வரவழைத்தது. அக்கா ஊறவைத்துப் பார்த்துவிட்டு அடியில் தங்கிய மண்ணையும் மரத்தூளையும் தட்டில் கொட்டி அவர் மேசைக்குக் கொண்டுபோனார்.

"சார், இது ஆவாது. ரெண்டு வாட்டி இல்ல, பத்து வாட்டி ஓட்டினாலும் எண்ணெய புடிச்சி வெக்காது."

"மேடம், பிசின்னா பிசின்தான். எல்லாம் மரத்துல இருந்துதானே வருது? நீங்க ஓட்டுங்க, நான் பார்த்துக்கறேன்."

மேலதிகாரி சொன்னதைச் செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் அக்கா ஒரு காரியம் செய்தார். மிச்சமிருந்த பழைய பிசினில் ஒரு பேட்ச், புதுப் பிசினில் ஒரு பேட்ச், இரண்டையும் ஒரே நாளில், ஒரே மெஷினில், இரண்டு ஓட்டமும் ஓட்டி முடித்தார். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டில் பலகைக்கு வந்தது. ஐந்தாம் நாள் புதுப் பிசின் பாட்டிலில் வளையம் கட்டியது. பழைய பிசின் பாட்டில் அப்படியே இருந்தது. அக்கா மேனேஜரிடம் சொன்னார். வெயில் காலம் முடியட்டும், பார்க்கலாம் என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. பெட்டி பெட்டியாக, கழுத்தில் வளையத்தோடு. முதலாளி கத்தினார். மேனேஜர் துளிகூடத் தயங்காமல் சொன்னார்: எமல்ஷன் ரூமில் இரண்டாவது ஓட்டத்தை ஓட்டவில்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக ஒரே ஓட்டத்தோடு விட்டுவிடுகிறார்கள். எமல்ஷன் ரூமில் இருந்தது அக்கா ஒருவர்தான். பேட்ச் நோட்டில் அக்கா எழுதிய பக்கத்தைத் தேடியபோது பக்கமே இல்லை. விசாரணை வைத்தார்கள். அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "நைனா, நான் உள்ள ஒக்காந்துகினு கீறேன், வெளிய வுட மாட்டான். வூட்ல பலகைல அந்த ரெண்டு பாட்டில் கீது. நிமித்தி நெஞ்சோட அணைச்சிகினு நடந்தே வா. ஆட்டாத" என்றார்.

நான் ரயில்வேயில் பேசின் பிரிட்ஜ் யார்டில் குமாஸ்தா. சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அன்றைக்கு லீவில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அங்கிருந்து கம்பெனிக்கு நடந்தால் இருபது நிமிடம். உச்சி வெயில். சீக்கிரம் போய் அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரம். இரண்டு பாட்டிலையும் துணிப்பையில் போட்டு, பைக்கின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கன்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட எண்ணூர் நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குழியிலும் பை என் முழங்காலில் இடித்தது. வீட்டில் இத்தனை வருடம் பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு, நான் என்ன செய்கிறேன் என்று அந்தக் கேட் வரைக்கும் உறைக்கவில்லை.

முதலாளி மேசையில் இரண்டையும் எடுத்து வைத்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. வளையம் கரைந்து கலந்துவிட்டது. அக்கா பாட்டில்களைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"வண்டிலயா வந்த?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.

முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு?"

"மொதலாளி, நாலைஞ்சு நாளு இந்த மேசமேலயே நிக்கட்டும். யாரும் தொட வேணாம். அதுவா சொல்லும்" என்றார் அக்கா.

பாட்டில் நிரப்பும் பக்கத்தில் வேலை செய்த கஸ்தூரி, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தார். "ரெண்டு ஓட்டமும் ஓடிச்சி சார். செவுத்துக்கு அந்தாண்ட நிக்கறேன், எனக்குச் சத்தம் கேக்காதா?"

மேனேஜர் சிரித்தார். சத்தத்தை ஃபைலில் வைக்க முடியாது என்றார். ஐந்து நாள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கம்பெனியை மூடிவிட்டு உட்கார முடியுமா என்றார். பிறகு ஒரு பாட்டிலை, வழக்கம்போலக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, மூடியைத் திருகி, எங்கள் எல்லோர் முன்னாலும் குடித்தார். "டேஸ்ட் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி மற்றதைத் திறந்து முதலாளியிடம் கொடுத்தார். அக்காவின் இரண்டு சாட்சிகளையும் நின்ற நிலையில் ஏப்பம் விட்டார்கள். எனக்குத் தெரிந்து, ஒரு விசாரணையில் சாட்சியைக் குடித்த அதிகாரி அவர் ஒருவர்தான்.

மறுநாள் மெமோ வந்தது. கவனக்குறைவால் கம்பெனிக்கு நஷ்டமும் அவப்பெயரும் ஏற்படுத்தியவர் என்று எழுதி, அக்காவை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அக்கா அழவில்லை. பெட்டி ஒட்டினார். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார்: தவறு என்னுடையது அல்ல என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பழைய இடம் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம், அந்த ஒரு வரி வேண்டும். அக்காவுக்காக நான் எழுதிய மனுக்கள் ஒரு ஃபைல் தேறும். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் எழுத்துத் திறமையின் லட்சணம் அது.

நம் சொந்தத்துக்குச் செய்தி எப்படிப் போனதோ, மெமோ வந்த வாரத்திலேயே போய்விட்டது. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை எங்கே போனாலும் யாராவது ஒருவர், "இன்னா, ஜூஸ கெடுத்துட்டியாமே" என்று அக்காவிடம் பல்லைக் காட்டுவார். பெரியப்பா மகன், பந்தியில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "இது நீ கலக்குனதா? குடிச்சா ஒண்ணும் ஆவாதே?" என்றான். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் அதே மாதிரி நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அக்கா அதற்கப்புறம் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். மாமா தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வருவார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அரசு மருத்துவமனையின் பொது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கஸ்தூரி தினமும் வந்து தலை வாரிவிடுவார். ஒரு நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், மேனேஜர் வந்தார். முதலாளி அனுப்பியிருப்பார். கையில் ஒரு பை. அதிலிருந்து கம்பெனியின் ஆரஞ்சு பாட்டில்கள் நான்கை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். வயிற்றில் கட்டியோடு, தண்ணீரே இறங்காமல் கிடப்பவருக்கு ஆரஞ்சு பானம். எனக்குக் கை துறுதுறுத்தது. மாமா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஒரு பாட்டிலை எடுத்துத் தரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் கட்டைவிரல் நின்றது.

"இது எப்பலேர்ந்து சார் போடறீங்க?"

மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "புது லேபிள் மேடம். என்னோட ஐடியாதான். குலுக்கிப் பருகவும்னு போட்டா கஸ்டமருக்கும் ஒரு ஜாலி. ரிட்டர்னே வர்றதில்லை இப்போ."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கல்யாணப் பந்திகளில் பாட்டிலைப் பார்க்கும் அதே பார்வை.

"எய்திக் குட்துட்டீங்க சார். போதும். ரொம்ப தேங்க்ஸ்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டார் என்ற திருப்தியில், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்து அக்கா சிரித்தார். வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நைனா, நான் கேட்ட லெட்டரு வந்துச்சிடா. அந்த ரூம வுட்டு நான் போயி இத்தினி நாளாவுது, இன்னும் வளையம் கட்டுது. கொறை என் கைல இல்லன்னு அவனே அச்சடிச்சி ஊரெல்லாம் ஒட்டிகினு கீறான். இனிமே நீ மனு எய்தாத. அன்னிக்கு சிரிச்சாங்க இல்ல, அவங்களாண்ட மட்டும் சொல்லிடு."

அதற்குப் பிறகு அக்கா ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் காலையில் மாமாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். காரியத்தன்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் இன்று சொல்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தலை வாரிவிட்ட கஸ்தூரிக்கு, அந்த அறைக்குள் கூப்பிடாமல் வந்து உண்மையைச் சொன்னதற்காகவும், அதனால் வேலை போன பிறகும் ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசாததற்காகவும், எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. வார்டில் அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. இந்தக் கூடத்தைத் தந்த படகுச் சங்கத்தாருக்கு நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார், ஆனால் இந்த வாரம் அவர் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் பாட்டில்களைக் கடையில் வாங்கி, ஆறு நாட்களுக்கு முன்பே இங்கே கொண்டுவந்து மேசைகளில் நிறுத்தி, ஒருவரையும் தொடவிடாமல் காவல் இருந்தவர் அவர். இலைகூட பாட்டிலை நகர்த்தாமல்தான் போட்டார்கள். இந்தத் தடவை பைக்கை நான் எடுக்கவில்லை. கடைசியாக, அந்த லேபிளை அச்சடித்த பெயர் தெரியாத அச்சகத்தாருக்கு நன்றி. எங்கள் மனுக்களுக்கு வந்த ஒரே பதில் அவர்கள் அடித்ததுதான்.

இப்போது பாட்டிலைப் பாருங்கள். தூக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம். குனிந்து, மூடிக்குக் கீழே கழுத்தை மட்டும் பாருங்கள். மஞ்சள் வளையம் தெரியும். பிறகு லேபிளில் அந்த இரண்டு சொற்களைப் படியுங்கள். படித்துவிட்டு, விருப்பமிருந்தால் குலுக்கிக் குடியுங்கள், உங்கள் இஷ்டம்.

குடித்துவிட்டு எழுந்து அக்காவின் படத்துக்கு முன்னால் வாருங்கள். அங்கே லேபிள் இல்லாத ஒரு பாட்டில் நிற்கிறது. பலகையில் மிஞ்சியிருந்தது, பழைய பிசினில் செய்தது. வருடங்கள் ஆகிவிட்டதால் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கழுத்தில் ஒன்றும் இல்லை. நூலில் கட்டிய சீட்டைக் குனிந்து படியுங்கள். அக்காவின் கையெழுத்தில் பேட்ச் எண் இருக்கும், அதற்குக் கீழே இரண்டு ஓட்டம் என்று இருக்கும்.